உக்ரேனியன் நேஷனல்ஸ் எந்த நாட்டு அணி?

கேள்வி கேட்டவர் கல்லூரி வினாடி வினாவுக்காக அமெரிக்க ஓப்பன் கோப்பைக் கால்பந்தில் வென்ற அணிகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். 1960, 1961, 1963, 1966 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே ‘உக்ரேனியன் நேஷனல்ஸ்’ என்ற பெயரைக் கண்டு திகைத்திருக்கிறார். அப்போது உக்ரைன் சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசு. பனிப்போர் உறைந்து கிடந்த நேரத்தில் அந்த நாட்டின் தேசிய அணி அமெரிக்காவுக்கு வந்து அவர்கள் வீட்டுக் கோப்பையை எப்படித் தூக்கிக்கொண்டு போனது என்று கேட்கிறார். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: அது தேசிய அணி அல்ல, பிலடெல்பியா நகரில் அகதிகள் நடத்திய விளையாட்டுச் சங்கம். ஆனால் அவருடைய கேள்வியின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. ‘அகதிகள் சங்கம் என்றே வைத்துக்கொண்டாலும், நாடு விட்டு வந்த கொஞ்சம் பேருக்கு நான்கு முறை வெல்லும் அளவுக்கு ஆட்டக்காரர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்?’ இதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ‘உக்ரைன் தேசிய அணி’ என்று ஒரு பெட்டிச் செய்தியில் எழுதி, அது அப்படியே அச்சாகிவிட்டது. ஒரு வாசகர்கூடக் கடிதம் எழுதிக் கண்டிக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. ஓய்வுக்குப் பிறகு ஆண்டில் சில மாதங்கள் பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்தச் சங்கத்தின் மைதானம் இருக்கும் ஹார்ஷம் அங்கிருந்து பக்கம்தான். உக்ரேனிய மொழி எனக்குத் தெரியாது. கோப்பைப் பதிவேடுகள், ஆங்கிலத்தில் வரும் ‘உக்ரேனியன் வீக்லி’ இதழின் பழைய பக்கங்கள், அங்கே என்னிடம் பொறுமையாகப் பேசிய சில முதியவர்கள், இவைதான் என் ஆதாரங்கள். ஆகவே ஆண்டுகளையும் கோல் கணக்கையும் உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏன்’ என்று நான் சொல்லும் இடங்களில் அது என் கணிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். அமெரிக்காவில் ‘நேஷனல்ஸ்’ என்பது அணிகளுக்குச் சாதாரணமாக வைக்கும் பெயர், நம் ஊர்களில் ‘இந்தியன் ஸ்போர்ட்ஸ் கிளப்’ என்று வைப்பதுபோல. பிலடெல்பியாவிலேயே 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘பிலடெல்பியா நேஷனல்ஸ்’ என்றொரு பலமான அணி இருந்தது, அமெரிக்கன் சாக்கர் லீகைப் பலமுறை வென்றது. அதன் எதிரொலியாக உக்ரேனியர் இந்தப் பெயரை எடுத்தார்களா, அல்லது தாயகம் கைவிட்டுப் போனவர்கள் வேண்டுமென்றே ‘தேசம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்களா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்பேன். சங்கத்தின் சொந்தப் பெயர் வேறு: ‘த்ரிசூப்’. மூன்று பல் என்று பொருள். வேலின் மூன்று முனைகள். நம் திரிசூலத்தில் இருக்கும் அதே ‘திரி’தான் அங்கேயும் இருக்கிறது, வேர் ஒன்று. 1918இல் சில காலம் தனி நாடாக இருந்த உக்ரைனின் சின்னம் அது. சோவியத் ஆட்சியில் அதை மார்பில் குத்திக்கொண்டு தெருவில் நடந்தால் சிறை. பிலடெல்பியாவில் அதைச் சட்டையில் தைத்துக்கொண்டு பந்து உதைத்தார்கள்.

இந்தச் சங்கம் 1950இல் தொடங்கியது. ஆனால் அதன் வேரைப் பார்க்க லிவிவ் நகரத்துக்குப் போக வேண்டும். இன்றைய மேற்கு உக்ரைனில் இருக்கும் அந்த ஊர் முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியப் பேரரசின் கீழும் பிறகு போலந்தின் கீழும் இருந்தது. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த இவான் போபெர்ஸ்கி என்ற ஆசிரியர்தான் உக்ரேனிய இளைஞர்களிடம் கால்பந்தைப் பரப்பியவர். அந்தக் காலத்தில் அவர்கள் இந்த ஆட்டத்துக்குப் புழங்கிய சொல் ‘கொபானி மியாச்’. உதைக்கப்பட்ட பந்து. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ‘உதைபந்து’ என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். 1911இல் ‘உக்ரைனா’ என்ற விளையாட்டுச் சங்கம் லிவிவில் தொடங்கியது. நாடு என்று ஒன்று இல்லாதவர்களுக்குச் சங்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். போலந்துக்காரர்களுக்கு ஒரு சங்கம், யூதர்களுக்கு ஒன்று, உக்ரேனியருக்கு ஒன்று என்று நகரத்தின் ஒவ்வொரு இனத்துக்கும் தனி மைதானமும் தனிச் சட்டையும் இருந்தன. 1939இல் சோவியத் படை உள்ளே வந்தது, சங்கங்கள் மூடப்பட்டன.

பிறகு போர். போர் முடிந்தபோது ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் லட்சக்கணக்கான உக்ரேனியர் சிதறிக் கிடந்தார்கள். நாஜிகள் கட்டாய வேலைக்கு இழுத்து வந்தவர்கள் பெரும்பகுதி, செஞ்சேனைக்குப் பயந்து மேற்கே ஓடி வந்தவர்கள் மீதி. நேச நாடுகளின் ஒப்பந்தப்படி பெரும்பாலோரைச் சோவியத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள், பலரை வலுக்கட்டாயமாகவே. போக மறுத்துத் தப்பியவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். ரேகன்ஸ்பர்க், மிட்டன்வால்ட், ஆக்ஸ்பர்க் போன்ற இடங்களின் முகாம்களில் சில ஆண்டுகள் அடைபட்டு இருந்தார்கள். இந்த முகாம்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு வியப்பாக இருப்பது அவர்களுடைய அவசரம். ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் இடத்திலேயே பள்ளிக்கூடம், நாடகக் குழு, செய்தித்தாள், கால்பந்து அணி எல்லாம் முளைத்துவிட்டன. முகாமுக்கு முகாம் போட்டி வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு எந்தக் கண்டத்தில் இருப்போம் என்று தெரியாதவர்கள் செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்பு என்று முறையாக நடத்தினார்கள்.

1948இல் அமெரிக்கா இடம்பெயர்ந்தோர் சட்டத்தை இயற்றியது. வேலையும் தங்க இடமும் உண்டு என்று அமெரிக்காவில் இருக்கும் யாராவது உறுதி கொடுத்தால்தான் விசா. உக்ரேனியருக்கு இந்த உறுதிகளைத் தேடிக் கொடுத்த நிவாரணக் குழுவின் தலைமையகம் பிலடெல்பியாவில் இருந்தது. அவர்களுடைய கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் அமெரிக்கத் தலைமைப் பீடமும் அதே நகரம். ஆகவே கப்பலில் இருந்து இறங்கியவர்களில் ஒரு கணிசமான பங்கு அங்கே போய்ச் சேர்ந்தது இயல்பு. இதற்கு மேல் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. பேஸ்பால் பித்துப் பிடித்த அமெரிக்காவில் கால்பந்துக்கு மண் இருந்த சில நகரங்களில் பிலடெல்பியாவும் ஒன்று. அதன் கென்சிங்டன் பகுதி நெசவாலைகளுக்கு வந்த பிரிட்டிஷ் தொழிலாளர்கள் ஆட்டத்தை அங்கே ஊன்றியிருந்தார்கள். 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று அமெரிக்கா வீழ்த்தியதே, அந்த ஒரே கோலுக்குப் பந்தை அடித்துக் கொடுத்த வால்டர் பார் கென்சிங்டன் பையன்தான்.

அமெரிக்காவில் அதற்கு முன்பே உக்ரேனியர் இருந்தார்கள். பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1880களில் இருந்தே வந்த விவசாயக் குடும்பங்கள் அவை. அவர்களும் சங்கம் வைத்திருந்தார்கள். ‘சோர்னமோர்ஸ்கா சிச்’ என்ற நியூ ஜெர்சி விளையாட்டுச் சங்கம் 1924இலேயே பிறந்தது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள், அவர்களின் ஆட்டம் பேஸ்பால். முகாம்களில் இருந்து வந்தவர்கள் படிப்பும் அரசியலும் நிறைந்த நகரத்து ஆட்கள். அவர்களின் ஆட்டம் கால்பந்து. ஆக, 1950இல் பிலடெல்பியாவில் கால்பந்து சங்கம் தொடங்கியது அமெரிக்கர்களிடமிருந்து மட்டும் அல்ல, முன்னால் வந்த சொந்த இனத்தவரிடமிருந்தும் அவர்களைத் தனியே காட்டியது. முதலில் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் நடுவே ஓடும் இந்தக் கோட்டைப் புலம்பெயர்ந்த எந்தச் சமூகத்திலும் பார்க்கலாம். டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள, அந்தச் சங்கத்தைக் கால்பந்து அணி என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். அது ஒரு வீடு; அந்த வீட்டில் ஒரு கால்பந்து அணியும் இருந்தது. கைப்பந்து, சதுரங்கம், டென்னிஸ், சிறுவர் அணிகள், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடனம், ஒரு மது விடுதி என்று எல்லாம் சேர்ந்ததுதான் இத்தகைய சங்கம். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் தன் பெயரை யாராலும் சரியாக உச்சரிக்க முடியாத ஒருவன், ஞாயிறு அன்று தேவாலயம் முடிந்து ஆட்டம் பார்த்துவிட்டு, விடுதியில் உட்கார்ந்து தன் மொழியில் சண்டை போடுவான். டிக்கெட் காசு, சந்தா, பீர் விற்ற காசு, நடன விழா வசூல் எல்லாம் ஒரே கல்லாவில் விழும். அந்தக் கல்லாதான் அணியை நடத்தியது. அமெரிக்கன் சாக்கர் லீக் அரைத் தொழில்முறை லீக். ஆட்டக்காரர்கள் வாரநாட்களில் வேறு வேலை பார்ப்பார்கள், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்குவார்கள். கூட்டம் தவறாமல் வரும் சங்கத்திடம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் கொடுக்கப் பணம் இருந்தது.

அந்தப் பணத்தில் அவர்கள் உக்ரேனியர் அல்லாதவர்களையும் தாராளமாக வாங்கினார்கள். பிரேசிலில் பிறந்து பின்னர் அமெரிக்க அணிக்கும் ஆடிய அலெக்ஸ் எலி த்ரிசூப் சட்டை போட்டவர்தான். தென் அமெரிக்கர், ஜெர்மானியர் என்று பலர் வந்து போனார்கள். ஆகவே கோப்பைகளைக் குவித்த ஆண்டுகளில் அணி இன ரீதியாக எவ்வளவு ‘உக்ரேனியன்’ என்று கேட்டால், சட்டையும் கூட்டமும் கல்லாவும் முழுக்க உக்ரேனியம், பதினோரு பேர் அப்படி அல்ல என்பதுதான் நேர்மையான பதில். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு இதில் குறை எதுவும் தெரியவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு நாதஸ்வரக்காரரை வெளியூரில் இருந்து அழைத்து வந்தால் திருவிழா வெளியூருடையது ஆகிவிடுமா?

அந்த ஆண்டுகளில் ஒரு ஆட்டத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1960 இறுதிப் போட்டி, பிலடெல்பியாவில். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் கிக்கர்ஸ். அதுவும் குடியேறியவர்களின் அணிதான், ஜெர்மானியர் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கோப்பையை வென்றவர்கள். உரிய நேரத்தில் முடிவு கிடைக்காமல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசியில் 5-3 என்று உக்ரேனியன் நேஷனல்ஸ் வென்றது. அந்த ஐந்து கோலையும் அடித்தவர் ஒரே ஆள், மைக் நோகா. ஒரு நாட்டின் கோப்பை இறுதிப் போட்டியில் தன் அணியின் ஐந்து கோலையும் தனியாக அடித்த இன்னொரு ஆட்டக்காரரை என் இருபத்திரண்டு ஆண்டுச் செய்தி மேசையில் நான் பார்த்ததில்லை. மறுநாள் அமெரிக்கப் பெருநகர் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் எப்படியும் பேஸ்பாலுக்குத்தான். வினாடி வினாவுக்கு இதைவிட நல்ல கேள்வி உங்களுக்குக் கிடைக்காது.

1961 முதல் 1964 வரை லீகையும் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றார்கள். 1964 ஓப்பன் கோப்பை இறுதியில் அதே கிக்கர்ஸிடம் தோற்றார்கள், கணக்குத் தீர்ந்தது. உங்கள் பட்டியலில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு. 1965இல் வென்றது ‘நியூயார்க் உக்ரேனியன்ஸ்’. அது வேறு சங்கம், மன்ஹாட்டனில் உக்ரேனியர் நெருங்கி வாழ்ந்த ஈஸ்ட் வில்லேஜைச் சேர்ந்தது. ஆக 1960 முதல் 1966 வரையிலான ஏழு கோப்பைகளில் ஐந்து உக்ரேனியச் சங்கங்களுக்குப் போயிருக்கின்றன. நடுவில் 1962இல் வென்றது நியூயார்க் ஹங்கேரியா. பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனால் கிரேக்கர், யூதர், சைப்ரஸ்காரர் என்று பெயர்கள் வரும். அமெரிக்கக் கால்பந்தைக் கால் நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது இப்படிப்பட்ட சங்கங்கள்தான். இது என் கணிப்பு அல்ல, பட்டியலே சொல்கிறது.

கனடாவிலும் இதே கதை. மாண்ட்ரியால் உக்ரைனா 1957இல் கனடாவின் தேசியக் கோப்பையை வென்றது. டொராண்டோ உக்ரைனாவில் ஆடியவர் அலெக்சாண்டர் ஸ்கோட்சென். லிவிவின் பழைய ‘உக்ரைனா’வில் தொடங்கி, போர் நடுவே டைனமோ கீவ், பிறகு பிரான்சின் நீஸ், கடைசியில் கனடா என்று முடிந்த வாழ்க்கை அவருடையது. அந்தத் தலைமுறையின் பயணம் முழுவதும் அந்த ஒரு மனிதரின் சட்டைகளில் இருக்கிறது. எனக்குப் பிடித்தவர் மட்டும் இன்னொருவர், ஜெனான் ஸ்னிலிக். சிகாகோவிலும் நியூவார்க்கிலும் உக்ரேனியச் சங்கங்களுக்கு ஆடி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்து, பிறகு ‘உக்ரேனியன் வீக்லி’ ஆசிரியரானார்; 1893இல் தொடங்கிய ‘ஸ்வபோதா’ நாளிதழுக்கும் பின்னாளில் ஆசிரியர். ஆட்டமும் தெரிந்து எழுதவும் தெரிந்த ஆள் விளையாட்டுப் பக்கத்துக்குக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

விளையாட்டு மட்டும்தானா, அரசியல் இல்லையா என்றும் யாராவது கேட்கலாம். இருந்தது, நிறையவே. 1955இல் அமெரிக்கா, கனடா இரண்டிலும் இருந்த சங்கங்களை ஒரே கூட்டமைப்பில் இணைத்தார்கள். ஒலிம்பிக்கில் உக்ரேனியர் தங்கப் பதக்கம் வாங்கும்போது ஏறுவது சோவியத் கொடி என்பது அவர்களுக்கு ஆறாத புண். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 1975இல் ஐரோப்பாவின் ‘கப் வின்னர்ஸ் கப்’ கோப்பையை வென்ற டைனமோ கீவ் அணி ஏறக்குறைய அப்படியே சோவியத் அணியாக 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்குக்கு வந்தது. சோவியத் தோற்க வேண்டும், ஆனால் ஆடுகிற பையன்கள் கீவ்காரர்கள். கிழக்கு ஜெர்மனியுடனான அரையிறுதியின் நடுவே, பூவேலைச் சட்டை அணிந்த ஓர் இளைஞர் உக்ரைன் கொடியுடன் மைதானத்துக்குள் ஓடிப் புகுந்து, காவலர்கள் பிடிப்பதற்குள் சில நொடிகள் ‘கோபாக்’ நடனம் ஆடினார். குந்தி உட்கார்ந்து கால்களை வீசும் அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று சோவியத் 1-2 என்று தோற்றது.

தேய்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967இல் பெரும் பணக்காரர்கள் தொழில்முறை லீகுகளைத் தொடங்கினார்கள். விமானம் ஏற்றி ஆட்களைக் கொண்டுவரும் பணத்துக்கு முன்னால் பீர்க் கல்லா நிற்க முடியாது. த்ரிசூப் 1968இலும் 1970இலும் லீகை வென்றது, அத்துடன் உச்சம் முடிந்தது. அதைவிடப் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். முகாமில் பிறந்த பிள்ளைகள் படித்தார்கள், நகரத்து வரிசை வீடுகளை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போனார்கள், ஞாயிறு மாலைக்கு வேறு வேலை வந்துவிட்டது. சங்கமும் அவர்கள் பின்னாலேயே புறநகருக்குப் போனது. ஆனால் விதை வேறு இடத்தில் விழுந்தது. சாம்பிர் என்ற மேற்கு உக்ரைன் ஊரில் பிறந்து போரில் தப்பி வந்த வால்டர் சிசோவிச், ஜீன் சிசோவிச் சகோதரர்கள் இருவரும் த்ரிசூப் ஆட்டக்காரர்கள், இருவரும் பிறகு பயிற்சியாளர்கள். வால்டர் 1976 முதல் 1980 வரை அமெரிக்கத் தேசிய அணிக்கே பயிற்சி அளித்தார். நாடு முழுவதும் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் முறையை ஊன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைக்கவில்லை என்று அவரைக் குறை சொல்வோர் உண்டு. 1950க்கும் 1990க்கும் நடுவே வேறு யாராலும்தான் முடியவில்லை.

சங்கம் இன்றும் ஹார்ஷமில் இருக்கிறது. அந்த இடத்தை ‘த்ரிசூபிவ்கா’ என்று அழைக்கிறார்கள். ஆகஸ்டு மாதம் உக்ரைன் விடுதலை நாளை ஒட்டி அங்கே திருவிழா நடக்கும். மகள் வீட்டில் இருக்கும் ஆண்டுகளில் தவறாமல் போகிறேன். ‘வரெனிகி’ என்று ஒன்று விற்பார்கள். வடிவம் நம் சோமாஸ், வேக்காடு நம் கொழுக்கட்டை, உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, மேலே எண்ணெயில் வதக்கிய வெங்காயம். போன முறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவரிடம் நோகாவின் ஐந்து கோலைப் பற்றிக் கேட்டேன். அன்று தனக்குப் பத்து வயது என்றார், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். பத்து வயதுப் பையனை எந்த அப்பா தோளில் தூக்குவார் என்று எனக்குள் இருந்த உதவி ஆசிரியர் முணுமுணுத்தார். ஆனால் ஐந்து கோலையும் வரிசையாக, எந்தப் பக்கத்தில் இருந்து பந்து வந்தது என்பது வரை, கையில் இருந்த காகிதத் தட்டை மைதானமாக வைத்துக் காட்டினார். வெங்காயம்தான் கோல் கம்பம்.

உங்கள் பட்டியலில் அணிகளுக்குப் பக்கத்தில் கொடி போடும் கட்டம் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஐந்து ஆண்டுகளுக்கும் அமெரிக்கக் கொடியையே போடுங்கள். சரியான விடை அதுதான்.